ஜன்னலா, ஸ்பிளிட்டா, இன்வெர்ட்டரா: வீட்டு ஏ.சி.யின் உண்மையான விலை

ஒரே மாடல் ஏ.சி.க்கு இரண்டு இடங்களில் விலை விசாரித்து, குறைத்துச் சொன்னவரிடம் வாங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் ஒப்பீடு. ஆனால் ஏ.சி.க்கு மூன்று விலைகள் உண்டு. இயந்திரத்துக்குக் கொடுப்பது ஒன்று. அதைப் பொருத்தி ஓடவைக்க ஆகும் செலவு இரண்டாவது. அது ஓடும் காலம் முழுவதும் இழுக்கும் மின்சாரம் மூன்றாவது. முதல் விலையில் கடைக்குக் கடை இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் சிறியது. மற்ற இரண்டிலும்தான் பணம் பெரிய அளவில் மிஞ்சவோ கரையவோ செய்கிறது. கீழே உள்ள ஒப்பீடுகள் அனைத்தும் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தே செய்யப்பட்டவை.

எதை ஒப்பிடுவதற்கும் முன் அளவு

தவறான அளவில் வாங்கிவிட்டால் மற்ற எந்த ஒப்பீட்டுக்கும் பொருளில்லாமல் போகும் என்பதால் அளவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 1 டன் என்பது இயந்திரத்தின் எடை அன்று. 907 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவைப்படும் வெப்பத்தின் அளவு அது. மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) அல்லது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அறையின் சதுர அடியை மட்டும் கேட்டு டன் சொல்லிவிடும் விற்பனையாளரின் கணக்கு பாதிக் கணக்குதான். ஒரே பரப்புள்ள இரண்டு அறைகளில், ஒன்று மொட்டை மாடிக்கு நேர் கீழே மேற்குச் சுவரோடும் பெரிய கண்ணாடி ஜன்னலோடும் இருந்து, மற்றொன்று மேலும் கீழும் வீடுகள் உள்ள நடுத்தளத்தில் நிழலில் இருந்தால், இரண்டின் வெப்பச் சுமையும் ஒன்றாக இருக்காது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார் என்பதால், அறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். பெட்டியில் குறிப்பிடும் திறன் பொதுவாக வெளியே 35 டிகிரி செல்சியஸ் இருக்கும் நிலையில் அளக்கப்படுவது; வெளிவெப்பம் அதற்கு மேலே போகப் போக, சரியாக அறைக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில், அந்தத் திறன் குறையும்.

பெரிதாக வாங்கிவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பதும் சரியன்று. மாறாத வேகத்தில் ஓடும் பெரிய ஏ.சி. சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வடிக்க அதற்கு நேரம் போதாது. அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். சிறிதாக வாங்கினால் அது ஓய்வே இல்லாமல் முழு வேகத்தில் ஓடும். அப்போது, வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகைக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைக்காது. மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறமாக ஒரு மறைப்பு, கூரைக்கு வெண்ணிற வெப்பத்தடுப்புப் பூச்சு, கதவிடுக்குகளுக்கு அடைப்பு ஆகியவற்றை முதலில் செய்துவிட்டு அளவைக் கணக்கிடுங்கள் என்பேன். 1.5 டன் தேவைப்பட்ட அறைக்கு 1 டன் போதும் என்ற நிலை வந்தால், அதைவிடப் பெரிய தள்ளுபடியை எந்தக் கடையும் தராது.

ஜன்னல், ஸ்பிளிட், நகர்த்தும் ஏ.சி.

ஜன்னல் ஏ.சி.யின் பெரிய பலத்தை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. அறையின் வெப்பத்தைச் சுமந்து செல்லும் கேஸ் ஓடும் அதன் குழாய்கள் முழுவதும் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்பட்டவை. வீட்டில் வந்து யாரும் இணைப்புப் போடுவதில்லை. அதனால் பொருத்துபவரின் கவனக்குறைவால் கேஸ் கசியும் வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை. பொருத்தும் செலவு குறைவு, வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்வதும் எளிது. குறைகளும் வெளிப்படையானவை: கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசர் அறைக்கு அருகிலேயே இருப்பதால் சத்தம் அதிகம், ஒரு ஜன்னல் அடைபடும், உயர்ந்த மின்சிக்கன மாடல்கள் இந்த வகையில் குறைவு.

ஸ்பிளிட் ஏ.சி. சத்தத்தை வெளியே வைத்துவிடுகிறது. வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சருக்கு வெளியே இடம் தாராளமாகக் கிடைப்பதால் சிக்கனமான மாடல்களும் இதில்தான் அதிகம். ஆனால் உள் பெட்டியையும் வெளிப் பெட்டியையும் இணைக்கும் செம்புக் குழாய்களை வீட்டுக்கு வரும் தொழிலாளிதான் இணைக்கிறார். தொழிற்சாலையில் நல்லபடியாக உருவான ஒரு இயந்திரத்தின் தரம் அந்த இரண்டு மணி நேர வேலையில் உறுதிப்படவும் கெட்டுப்போகவும் முடியும். அதனால் ஸ்பிளிட்டின் விலையை ஜன்னல் ஏ.சி.யின் விலையோடு ஒப்பிடும்போது, நல்ல நிறுவுதலுக்கான செலவையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சக்கரம் வைத்த நகர்த்தும் ஏ.சி.யை, வேறு எதையும் பொருத்த அனுமதியில்லாத வீட்டுக்கு மட்டுமே நான் பரிந்துரைப்பேன். ஒற்றைக் குழாய் வகை, அறையில் ஏற்கெனவே குளிர்ந்த காற்றையே இழுத்துத் தன் சூட்டை ஏற்றி வெளியே தள்ளுகிறது. அப்படி வெளியேறிய காற்றுக்கு ஈடாக, கதவிடுக்கு வழியாக வெளியிலிருந்து வெப்பக் காற்று உள்ளே நுழைகிறது. ஆகவே அதன் மேல் எழுதியிருக்கும் டன் அளவுக்கும் அறைக்குக் கிடைக்கும் குளிர்ச்சிக்கும் இடைவெளி பெரிது. வேறு வழியே இல்லை என்றால், ஒரு குழாயால் வெளிக் காற்றை இழுத்து மற்றொன்றால் வெளியே தள்ளும் இரட்டைக் குழாய் வகையைத் தேடுவது நல்லது.

நிலைவேகமா, இன்வெர்ட்டரா

நிலைவேகக் கம்ப்ரசருக்கு ஓடுவது, நிற்பது என்ற இரண்டு நிலைகள்தான். இன்வெர்ட்டர் வகை, தேவைக்கேற்பத் தன் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், அறை குளிர்ந்தபின் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். மெதுவாக ஓடும்போது, செலவாகும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் அதிக வெப்பம் வெளியேறுகிறது. சிக்கனத்தின் ஊற்றுக்கண் இதுதான். இதிலிருந்தே அதன் எல்லையும் தெரிந்துவிடும். இரவு முழுவதும் ஓடும் படுக்கையறையில் இன்வெர்ட்டர் தன் விலையை ஈட்டித் தரும். விருந்தினர் வரும்போது அரை மணி நேரம் ஓட்டும் கூடத்தில், அறையைக் குளிர்விக்கும் அந்த முழு நேரமும் அது முழு வேகத்திலேயே ஓடி முடித்துவிடும் என்பதால் சேமிப்பு மிகச் சிறியது.

எண்களில் பார்த்தால் தெளிவாக இருக்கும். ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஏ.சி. ஓடும் ஓர் அறையிலிருந்து சராசரியாக 3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செலவாகும் மின்சாரத்தைப் போல் எத்தனை மடங்கு வெப்பம் வெளியேறுகிறது என்பதைக் காட்டும் பருவகால ஆற்றல் திறன் விகிதம் 3 உள்ள ஏ.சி. அதற்கு ஆண்டுக்கு 1,600 யூனிட் எடுக்கும். விகிதம் 4 என்றால் 1,200 யூனிட். 5 என்றால் 960 யூனிட். 3-லிருந்து 4-க்கு ஏறும்போது 400 யூனிட் மிஞ்சுகிறது, 4-லிருந்து 5-க்கு ஏறும்போது 240 மட்டுமே. மேலே போகப் போக விலை ஏறிக்கொண்டும் சேமிப்பு சுருங்கிக்கொண்டும் வருகிறது. அதே அறையில் ஆண்டுக்கு 400 மணி நேரம் மட்டும் ஓட்டினால், இந்தச் சேமிப்புகள் 100 யூனிட்டும் 60 யூனிட்டுமாகக் குறைந்துவிடும்.

இந்த யூனிட்டுகளை உங்கள் மின்கட்டணத்தால் பெருக்கி, இரண்டு மாடல்களின் விலை வித்தியாசத்தை அந்தத் தொகையால் வகுத்தால், கூடுதல் பணம் எத்தனை ஆண்டுகளில் திரும்பி வரும் என்பது கிடைத்துவிடும். பயன்பாடு கூடக் கூடக் கட்டணமும் ஏறும் அடுக்கு முறை உள்ள இடங்களில், ஏ.சி.யின் யூனிட்டுகள் உச்ச அடுக்கில்தான் விழும் என்பதால் அந்த அடுக்கின் கட்டணத்தையே பயன்படுத்த வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் திரும்பினால் தாராளமாக வாங்கலாம். பத்து ஆண்டு ஆகுமென்றால், இடையில் வரக்கூடிய பழுதுச் செலவை நினைத்துப் பார்த்துவிட்டு ஒரு படி கீழே இறங்குவதே புத்திசாலித்தனம். இன்வெர்ட்டரின் மின்னணுப் பலகை பழுதானால் மாற்றும் செலவு கணிசமானது. மின்னழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கும் பகுதிகளில் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். பல மாடல்கள் ஸ்டெபிலைசர் இல்லாமலேயே ஓடும் என்று சொல்லி விற்கப்படுகின்றன. எந்த மின்னழுத்தத்திலிருந்து எந்த மின்னழுத்தம் வரை என்ற எண் கையேட்டில் இருக்கும். நம் வீட்டு மின்னழுத்தம் அதற்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு.

ஏ.சி.யின் மேல் ஒட்டியிருக்கும் மின்சிக்கன அட்டையில் நட்சத்திரங்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், அதில் அச்சிட்ட விகிதத்தையும் ஆண்டு யூனிட்டையும் படிப்பது அவசியம். தர அளவுகோல்கள் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய இருப்பில் உள்ள ஏ.சி.யின் ஐந்து நட்சத்திரமும் புதியதின் ஐந்து நட்சத்திரமும் சமமாக இருக்க வேண்டியதில்லை.

கேஸும் காயிலும்

ஏ.சி.யில் ஓடும் கேஸ் வகைகளில் ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் விலக்கப்பட்டுவருகிறது. பழைய இருப்பில் கண்ணில் பட்டாலும் வாங்க வேண்டாம். ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டுக்குமிடையே ஆர்-32 மேலானது. கரியமில வாயுவுக்கு 1 என்று வைத்தால், புவி வெப்பமாதலைத் தூண்டும் அளவு முதலாவதற்கு 2,088, இரண்டாவதற்கு 675. மேலும் ஆர்-32 ஒற்றைச் சேர்மம் என்பதால் கசிந்தபின் அதன் கலவை விகிதம் மாறிவிட்டதோ என்ற கவலை எழுவதில்லை. ஆனால் அது லேசாகத் தீப்பற்றக்கூடியது. ஆர்-290 எனப்படும் புரொப்பேனின் புவி வெப்ப அளவு மிகமிகக் குறைவு. எளிதில் தீப்பற்றும் என்பதால் பயிற்சி பெற்றவர் மட்டுமே அதைக் கையாள வேண்டும்.

கேஸ் வெப்பத்தை வாங்கவும் விடவும் உதவும் குழாய்ச் சுருளான காயிலில் செம்பா அலுமினியமா என்றால், பழுது பார்ப்பதன் எளிமைக்காகச் செம்பையே தேர்வேன். அலுமினியக் காயிலில் ஓட்டை விழுந்தால் அதை வீட்டில் வைத்தே சரியாகப் பற்றவைப்பது கடினம். பெரும்பாலும் முழுக் காயிலையும் மாற்ற வேண்டிவரும். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் அரிப்பைத் தடுக்கும் பூச்சு உள்ளதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிறுவுதல்: பணம் கரையும் இடம்

இரண்டு பேர் ஒரே ஸ்பிளிட் ஏ.சி.யைப் பொருத்துகிறார்கள். முதலாமவர் குழாய்களை இணைத்ததும், வெளிப் பெட்டியின் வால்வைச் சற்றே திறந்து, உள்ளே இருக்கும் கேஸாலேயே குழாயிலுள்ள காற்றை வெளியே தள்ளிவிட்டு, ஏ.சி.யை ஓட்டிக் காட்டிவிட்டுப் போகிறார். இரண்டாமவர் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று நைட்ரஜன் அழுத்தத்தில் சோதித்து, வேக்யூம் பம்பை மாட்டிக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, அளவுமானியில் குழாய்க்குள் எஞ்சிய அழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்குகிறதா, பம்பை நிறுத்திய பிறகும் அது ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கேஸைத் திறக்கிறார். அன்றைக்கு இரண்டு ஏ.சி.யும் ஒரே மாதிரி குளிரும். முதல் ஏ.சி.யின் குழாய்க்குள் தங்கிவிட்ட ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரை உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். காற்றை வெளியே தள்ளுவதில் செலவான அளவுக்கு உள்ளே கேஸும் குறைந்திருக்கும். இந்த இருவரின் கூலிக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைச் சேமிப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதே இந்த அலசலில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது. தொழிலாளியிடம் வேக்யூம் பம்ப் இருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

இலவச நிறுவுதல் என்று அறிவிப்பவருக்கும் தனியாகக் கட்டணம் சொல்பவருக்கும் இடையே முடிவெடுப்பதற்கு முன், இருவரிடமும் எழுத்தில் விவரம் கேட்க வேண்டும். பெட்டியோடு வரும் செம்புக் குழாய் பெரும்பாலும் சில மீட்டர்தான். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் என்ன விலை, குழாயின் சுவர்த் தடிமன் எவ்வளவு, நீளம் கூடினால் கேஸ் கூடுதலாக ஏற்றப்படுமா, வெளிப் பெட்டிக்கான தாங்கி, மின்கம்பி, வடிகால் குழாய், சுவரில் துளை, உயரத்தில் வேலை செய்வதற்கான கூலி, பழைய ஏ.சி.யைக் கழற்றும் கூலி ஆகியவை கணக்கில் சேர்ந்தவையா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இயந்திரத்தில் விட்டுக்கொடுத்த தொகையை இந்தச் சில்லறைக் கணக்கில் திரும்ப எடுத்துவிடும் விற்பனையாளர்கள் உண்டு. இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலான தூரத்தை நீங்களே நாடாவால் அளந்து வைத்துக்கொண்டால் பேரம் பேசுவது எளிதாகும். கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச நீளத்துக்குக் கீழே போகாமல் அந்தத் தூரத்தைக் குறைக்க முடிந்தால் செலவும் குறையும்.

வெளிப் பெட்டியை நான்கு பக்கமும் மூடிய கூண்டுக்குள் வைத்தால், தான் வெளியேற்றிய வெப்பக் காற்றையே அது திரும்ப இழுக்கும். அப்போது விலையுயர்ந்த மாடலின் சிக்கனம் வீணாகும். சுத்தம் செய்யக் கையெட்டும் இடத்தில் வைப்பதும் முக்கியம். ஏ.சி.க்குத் தனி மின்சுற்றும் சரியான எர்த் இணைப்பும் தேவை. அவற்றில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

கடையா, இணையமா, எப்போது

இணையத்தில் இயந்திரத்தின் விலை குறைவாகத் தெரிந்தாலும், நிறுவுதல் பெரும்பாலும் வேறொருவர் கையில் இருக்கும். கோளாறு வந்தால் இயந்திரமா வேலையா என்று இருவரும் ஒருவரையொருவர் கைகாட்ட இடமுண்டு. அக்கம்பக்கக் கடையில் சற்று அதிகம் கொடுத்தாலும், விற்றவரே பொருத்தியவராகவும் இருந்தால் பொறுப்பு ஒரே இடத்தில் நிற்கும். இணையத்தில் வாங்குவதானால், நிறுவனம் அங்கீகரித்தவரே பொருத்த வேண்டும் என்ற நிபந்தனை உத்தரவாதத்தில் இருக்கிறதா என்று முதலில் படித்துவிடுங்கள். நீண்டகால உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். கேஸ், மின்னணுப் பலகை, கூலி, பயணச் செலவு ஆகியவற்றுக்கான காலம் சிறிய எழுத்தில் தனியாக இருக்கும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது அந்தச் சிறிய எழுத்தையே ஒப்பிட வேண்டும்.

கோடை தொடங்கிய பிறகு கடைக்குப் போனால் பேரத்துக்கு இடமில்லை. தொழிலாளிக்கும் ஒரு நாளில் பல வீடுகளை முடிக்கும் அவசரம் இருக்கும், அந்த அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது வேக்யூம்தான். குளிர்மாதங்களில் வாங்கினால் விலை இறங்குவதோடு வேலையும் நிதானமாக நடக்கும். அப்படி முன்கூட்டியே வாங்கினாலும் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கக் கூடாது. உத்தரவாதக் காலம் பல இடங்களில் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன், ஏ.சி. முழு வேகத்தில் பத்து நிமிடமாவது ஓடட்டும். உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளிவிடும் காற்றுக்கும் இடையே பொதுவாக 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். ஈரப்பதம் மிக அதிகமான நாளில் அது சற்றுக் குறையலாம். உள் பெட்டியின் வடிகால் தட்டில் ஒரு குவளை நீரை ஊற்றி அது தடையின்றி வெளியேறுகிறதா என்று பாருங்கள், குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்றும் பாருங்கள். பிறகு இரண்டு பெட்டிகளின் வரிசை எண்களும், பயன்படுத்திய குழாயின் நீளமும், கூடுதலாக ஏற்றிய கேஸின் அளவும் குறிக்கப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டு மீதித் தொகையைக் கொடுங்கள்.