ரேகை விழவில்லை

பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போகவேண்டும் என்று அம்மா ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை எப்படியும் போய்விடுவது என்று 2025 ஏப்ரல் முதல் வாரத்தில் ஜெர்மனியிலிருந்து கிளம்பி ஊருக்கு வந்தேன். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். மூன்று வார விடுமுறை. கோயில் வேலை போக மீதி நாட்களில் வங்கி, ரேஷன், அம்மாவின் பென்ஷன் என்று மூன்று வேலைகளை முடிக்கவேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். மூன்றும் ஒரே மாதிரி இடத்தில் வந்து நின்றன. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்துபோகிறவர்களுக்கும், ஊரில் வயதான அப்பா அம்மாவைத் தனியாக விட்டிருப்பவர்களுக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் வங்கி. என் கணக்கோடு இணைந்திருந்தது பழைய ஊர் நம்பர். அந்த சிம்மை 2024 ஜனவரியில் கழற்றி வைத்தது. அப்புறம் ரீசார்ஜ் செய்ய மறந்துவிட்டேன். 90 நாள் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். துண்டித்த பிறகு இன்னொரு 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆன்லைனில் பணம் அனுப்ப முயன்றால் ஓடிபி வரவில்லை. சந்தேகப்பட்டு அம்மாவின் போனிலிருந்து என் பழைய எண்ணுக்கே அடித்துப் பார்த்தேன். ஒரு பையன் எடுத்தான். சேலத்துப் பக்கம் என்றான். "சார், இது உங்க நம்பரா? ஏழெட்டு மாசமா உங்க பேங்க் மெசேஜ் எல்லாம் எனக்குத்தான் வருது. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றான். என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவன் நல்ல பையன். வேறு ஒருவர் கையில் அந்த எண் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு தூங்கவில்லை. ஒரு கணக்கின் சாவியை ஒரு போன் நம்பரில் கட்டிவைக்கிறோம். அந்த நம்பரோ நம் சொத்து இல்லை, வாடகை வீடு மாதிரி. வாடகை கட்டாவிட்டால் அடுத்த ஆள் குடிவருகிறார், நம் தபாலெல்லாம் அவருக்குப் போகிறது.

மறுநாள் கிளைக்குப் போனேன். பாஸ்போர்ட், பாஸ்புக், இருபது வருடத்துக்கு முன் கணக்கு தொடங்கியபோது போட்ட கையெழுத்து, எல்லாம் இருந்தது. கவுண்டரில் இருந்த அம்மணி பொறுமையானவர். ஆனால் எண்ணை மாற்றும் கோரிக்கையை உறுதிப்படுத்த பழைய எண்ணுக்கே ஓடிபி போகும் என்றது கம்ப்யூட்டர். "பழைய எண் இல்லாததால்தானே மேடம் மாத்த வந்திருக்கேன்" என்றேன். "புரியுது சார், சிஸ்டத்துல அந்த ஸ்டெப்ப தாண்ட முடியல" என்றார். மேனேஜர் மேலிடத்துக்கு மின்னஞ்சல் எழுதி, நான் மூன்று முறை நேரில் போய், ஒன்பதாவது நாள் மாறியது. நான் நேரில் வந்ததால் ஒன்பது நாள். ஜெர்மனியில் இருந்தபடியே இதைச் செய்ய நேர்ந்திருந்தால் எப்போது முடிந்திருக்குமோ.

சிம்மைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரீபெய்டு எண்ணில் குறைந்தது 20 ரூபாய் இருப்பு இருந்தால் பயன்படுத்தாத எண்ணையும் தக்கவைக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஆணைய விதி இருக்கிறது. கிளம்புமுன் கடையில் கேட்டு அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டு எண்ணையே கணக்கில் பதிவு செய்ய வங்கி ஒத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

யுபிஐ எனக்குக் கிடையாது. 2023 ஜனவரியில் பத்து நாடுகளின் போன் எண்களுக்கு அதைத் திறந்துவிட்டார்கள்; சிங்கப்பூர், அமெரிக்கா, வளைகுடா நாடுகள் சில இருந்தன, ஜெர்மனி அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பையில் ரூபாய் நோட்டோடுதான் சுற்றினேன். டீக்கடையில்கூட, "சில்லறை இல்லண்ணே, ஸ்கேன் பண்ணிருங்க" என்றார்கள். உத்திரம் வெள்ளிக்கிழமை முடிந்தது. மறுநாள் ஏப்ரல் 12, சனிக்கிழமை, திருநெல்வேலி டவுனில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தபோது நாடு முழுக்க யுபிஐ பல மணி நேரம் தடுமாறியது. இரண்டரை வாரத்தில் அது முதல் முறை இல்லை. ஒரு மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்ற இளைஞனின் போனில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பாவுக்கு மருந்து வாங்க வந்தவன். பர்ஸ் என்ற ஒன்றே அவனிடம் இல்லை. எதிரில் இருந்த ஏடிஎம்மில் நீண்ட வரிசை. கடைக்காரர் மருந்துச் சீட்டின் பின்னால் தொகையை எழுதி வைத்துக்கொண்டு, "எடுத்துட்டுப் போப்பா, பொறவு குடு" என்றார். அந்தக் கடைக்காரரிடம் இன்னும் பேனா இருந்தது, கடன் சொல்ல உரிமை இருந்தது. அவரே முதலாளி என்பதால் முடிந்தது.

ரேஷன் கடையில் அது முடியவில்லை. நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைத்தான்.

அம்மாவுக்கு 74 வயது. சின்ன வயதிலிருந்து நாற்பது வருடம் பீடி சுற்றியவள். எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்களில் பலருக்கு விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். இலையும் தூளும் நூலும் தேய்த்துத் தேய்த்து ரேகை போய்விட்டது. வயதானால் தோல் வறண்டு மீதியும் மங்கிவிடும். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 அக்டோபரிலிருந்து கைரேகை வைத்தால்தான் பொருள் என்று வந்தது. அட்டையில் பெயருள்ள யார் வைத்தாலும் போதும். ஆனால் அப்பா போன பிறகு எங்கள் அட்டையில் அம்மா மட்டும்தான்.

நானும் கூடப் போனேன். அம்மா வரிசையில் நிற்கும்போதே விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துத் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள். வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், பிறகு இடது கை. "ரேகை விழல ஆச்சி" என்றார் விற்பனையாளர். தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைக்கச் சொன்னார். விழவில்லை. கண் கருவிழியைப் பார்க்கும் கருவியை எடுத்தார். கண்புரை ஆபரேஷன் ஆன கண், அதுவும் ஒத்துவரவில்லை. பிறகு சர்வர் போய்விட்டது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அம்மா ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்ட மாதிரித் தலைகுனிந்து நின்றாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விற்பனையாளர் கெட்டவர் இல்லை. பன்னிரண்டு வருடமாக அதே கடையில் இருக்கிறார். அப்பா இறந்தபோது வீட்டுக்கு வந்தவர். "உங்கள எனக்குத் தெரியாதா ஆச்சி? மெஷின்லா கேக்குது" என்றார். இவள் இன்னார் என்று அந்த வரிசையில் நின்ற இருபது பேரும் சாட்சி சொல்வார்கள். அரிசியும் உள்ளேதான் இருக்கிறது. எடுத்துக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. முன்பு அவரிடம் ஒரு நோட்டு இருந்தது, கையெழுத்தோ பெருவிரல் மையோ வைத்துவிட்டு வாங்கிவரலாம். அந்த நோட்டில் திருட்டு நடந்ததும் உண்மைதான்; இல்லாத ஆள் பெயரில் மூட்டை மூட்டையாகப் போனதும் உண்மைதான். அதைத் தடுக்கத்தான் மெஷின் வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் திருடனுக்கு வைத்த பூட்டில் அம்மாவின் விரல் மாட்டிக்கொண்டது.

ரேகை ஒத்துப்போகாத காரணத்துக்காக யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. வர முடியாத முதியவர்களுக்காக வேறொருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. இரண்டையும் பற்றி அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் படிவத்தை நிரப்பி, பக்கத்து வீட்டு மருமகள் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வருடம் ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கி, 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே பொருள் வருவதாகச் செய்தி பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

பென்ஷன் கதையும் இதேதான், சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா தபால் துறையில் இருந்தவர். குடும்ப ஓய்வூதியத்துக்கு ஒவ்வொரு நவம்பரிலும் அம்மா உயிரோடிருப்பதற்குச் சான்று தரவேண்டும். முந்தைய நவம்பரில் ரேகை விழவில்லை, முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டும் செயலியிலும் ஏறவில்லை. சரி, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட, இரண்டு மாதம் பணம் நின்றது. வங்கிக்கு நேரில் போய்க் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வழி இன்றும் செல்லும். அதைக் கேட்டு வாங்கவேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நவம்பருக்கு முன்பே இதைச் சொல்லிவையுங்கள்.

ஜெர்மனியில் இதெல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. அங்கே ரயில் சலுகை அட்டையை 2024 ஜூனில் பிளாஸ்டிக்கிலிருந்து செயலிக்கு மாற்றியபோது பெரியவர்கள் இதே போலத் தவித்தார்கள். ஆனாலும் அங்கே பேரிடர்த் துறை வீடுகளுக்குத் தரும் கையேட்டில் தண்ணீர், டார்ச், பேட்டரி ரேடியோவோடு வீட்டில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருக்கச் சொல்கிறார்கள். நான் திரும்பிப்போன அடுத்த வாரமே, ஏப்ரல் 28 அன்று, ஸ்பெயினும் போர்ச்சுகலும் மொத்தமாக இருண்டன. கார்டு மெஷின் ஓடவில்லை. ஜனங்கள் ரேடியோவைச் சுற்றி நின்று செய்தி கேட்டார்கள்.

எங்கள் ஊருக்கு அது 2023 டிசம்பரில் நடந்தது. 17ஆம் தேதி இரவு ஆறு உள்ளே வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது. பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள்தான் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். கரண்ட் இல்லை, டவர் இல்லை. அம்மா பக்கத்து வீட்டு மாடியில் ஏறிவிட்டாள், போன் தண்ணீரில் போய்விட்டது. மூன்று நாள் எனக்கு ஒரு தகவலும் இல்லை.

மூன்றாம் நாள் ஒரு பையன் சிக்னல் கிடைக்கும் போனோடு வந்து, "ஆச்சி, உங்க மகன் நம்பரச் சொல்லுங்க" என்றிருக்கிறான். அம்மாவுக்குத் தெரியவில்லை. என் நம்பர் என்றால் அவளுக்கு என் போட்டோ. போட்டோவைத் தொட்டால் நான் பேசுவேன். அவளுக்கு மனப்பாடமாக இருந்த ஒரே எண் மதுரைச் சித்தப்பா வீட்டு லேண்ட்லைன். நல்ல காலம், அவர்கள் அதை இன்னும் எடுக்கவில்லை. சித்தப்பாதான் எனக்குச் சொன்னார், "அம்மா இருக்காப்பா."

இந்தத் தடவை கிளம்புமுன் வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் என் ஜெர்மனி எண்ணை எழுதினேன். கீழே சித்தப்பா, டாக்டர், ஆட்டோக்காரர் எண்கள். அரிசி டிரம்முக்குள் கொஞ்சம் நூறு ரூபாய்த் தாள்களை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கப் போனால், அம்மா ஏற்கெனவே வைத்திருந்தாள்.

எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்து, சின்னப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித்தருவது போல ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தேன். கடைசி இரண்டு எண்கள் மட்டும் மாறிமாறி வந்தன. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவள் ரயில் நகர்ந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி நடந்தாள். சாப்பிட்டுத் தூங்கு என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பூஜ்ஜியம் பூஜ்ஜியம் நாலு ஒன்பது என்று ஆரம்பித்துக் கடைசி வரைக்கும் ஒப்பித்தாள். "சரியாய்யா?" என்றாள். சரியாக இருந்தது.