மாலே வரைக்கும்தான் டிக்கட்

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் ஆனதற்கு லண்டனில் இருக்கும் மகள் தந்த பரிசு, மாலைதீவில் ஒரு ரிசோர்ட்டில் நான்கு இரவு. அறையை அவளே அங்கிருந்து போட்டுவிட்டாள். விமான டிக்கட்டை மட்டும் நாங்கள் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கடையில் எடுத்தோம். கடையின் பெயரை எழுதவில்லை. நாளைக்கும் அந்தத் தெருவால்தான் நான் சந்தைக்குப் போக வேண்டும்.

கடையைக் குறை சொல்ல முதலில் மனம் வரவில்லை. ஏசி, பிளேன்டீ, மரியாதையான பேச்சு. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த தம்பி இருபது நிமிடத்தில் டிக்கட்டை அச்சடித்துக் கையில் தந்தான். "அன்ரி, பின்னேர பிளைட் எடுத்தா ஆளுக்கு நாலாயிரம் குறையும்" என்றான். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரிச் சரி என்றேன். மாலைதீவுக்குள் நுழைய நிரப்ப வேண்டிய இமூகா என்ற படிவத்துக்கு ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு வாங்கினான். எந்தத் தீவு என்று மட்டும் அவன் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. மாலைதீவு என்றால் தலைநகர் மாலே, மாலேயில் இறங்கினால் ரிசோர்ட் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

அங்கே ஒரு ரிசோர்ட்டுக்கு ஒரு தீவு. விமான நிலையம் இருக்கும் ஹுல்ஹுலேயும் தனித் தீவுதான். எங்களுடைய தீவு அங்கிருந்து வடக்கே பா அட்டோல் என்ற பவளத் தீவுக் கூட்டத்தில் இருந்தது. அதற்கு இன்னொரு விமானம் ஏற வேண்டும்.

இரவு பத்து மணிக்குக் கல்லடியில் வான் ஏறினோம். வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை என்று யானைக்குப் பயந்து மெதுவாக ஓட்டி, விடியக் கட்டுநாயக்க. பின்னேரம் நாலரைக்குத்தானே விமானம். அதுவரை கதிரையில் நித்திரை. மாலேயில் இறங்கியபோது அங்கே ஐந்தரை மணி, நம் நேரத்தை விட அரை மணி பின்னால். ரிசோர்ட் கவுன்டரில் நின்ற பொடியன் காலிப் பக்கத்து ஆள். எங்களைப் பார்த்து, "சீ பிளேன் நாளைக்குக் காலையிலதான் மேடம்" என்று மெல்லச் சொன்னான்.

"வெயில் இன்னும் இருக்கே" என்றார் இவர்.

சீ பிளேன் கண்பார்வையை நம்பிப் பறந்து தண்ணீரில் இறங்குவது. கடலில் ஓடுபாதை விளக்கு ஏது? பகலில் மட்டும்தான் ஓட்டம். எங்கள் தீவுக்குப் போவதென்றால் பிற்பகல் மூன்றரைக்குள் மாலேயில் இறங்கியிருக்க வேண்டுமாம். இன்னொரு வழியும் இருந்திருக்கிறது. உள்ளூர் விமானத்தில் இருபது நிமிடத்தில் தரவந்தூ என்ற தீவு, அங்கிருந்து பதினைந்து நிமிடம் ஸ்பீட் போட். அது இருட்டிய பிறகும் போகும். முதலே சொல்லியிருந்தால் இடம் வைத்திருப்பார்களாம், அன்றைக்கு நிரம்பிவிட்டது.

அப்புறம் என்ன, பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில் ஒரு விடுதியில் எண்பது டொலர் கொடுத்துப் படுத்தோம். ரிசோர்ட்டில் மகள் காசு கட்டிய கட்டில் அன்றிரவு சும்மா கிடந்தது. அது எவ்வளவு என்று பிறகு கணக்குப் பார்த்தேன். இரவுக்கு 400 டொலர் என்று போட்டிருக்கும். அதன் மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், இரண்டையும் கூட்டிய தொகைக்கு 17 வீதம் வரி, பிறகு ஆளுக்கு இரவுக்கு 12 டொலர் பசுமை வரி. இரண்டு பேருக்கும் 540ஐத் தொடும். எட்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்த லட்சணம் இது!

மறுநாள் சீ பிளேன். இதற்கு என்னிடம் ஐந்துக்கு நாலு புள்ளி. எத்தனை மணிக்குப் புறப்படும் என்று டிக்கட்டில் இருக்காது, முதல் நாள் இரவுதான் சொல்வார்கள். பெட்டியை நிறுப்பார்கள்: 20 கிலோ, கைப்பை 5 கிலோ. ரிசோர்ட் சமையலறையில் வேலை செய்யும் வாழைச்சேனைப் பிள்ளைக்கென்று அவனுடைய தாய் தந்துவிட்ட கச்சான் அல்வாவால் மூன்று கிலோ கூடிப் போய்க் காசு கட்டினேன். உள்ளே பதினைந்து பேர் அளவில் இருக்கலாம், காதைப் பொத்தும் இரைச்சல். ஓட்டுகிறவர்கள் வெறுங்காலோடு! ஆனால் தாழப் பறக்கும்போது கீழே தெரிகிறதே, நீலத்துக்குள் பச்சை வளையம் வளையமாக, அதற்கு எந்தப் பணமும் தகும். 2004க்குப் பிறகு நான் கடலில் கால் நனைத்ததே இல்லை, எங்கள் டச்பார் வீட்டில் மிஞ்சியது கிணறு மட்டும். மேலே இருந்து பார்த்தபோது அந்தப் பயம் வரவில்லை. ஒரு புள்ளியைக் குறைத்தது ஏணிக்காக. குறுகலாக, செங்குத்தாக இருக்கும். இவருக்கு முழங்கால் வருத்தம், இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்றினார்கள்.

ரிசோர்ட்டைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நல்ல இடம், நல்ல சோறு, மீன் குழம்பில் காரம் போதாது. ஒரு விசித்திரம்: வெளிச்சம் கூடக் கிடைக்கட்டும் என்று அந்தத் தீவு மாலே நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் கடிகாரத்தைத் திருப்பி வைத்திருக்கிறது. ஆக, வீட்டில் பன்னிரண்டு, மாலேயில் பதினொன்றரை, ரிசோர்ட் கட்டிலில் பன்னிரண்டரை. திரும்பும் நாளில் இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு என்னோடு சண்டை பிடித்தார்.

திரும்பும்போது தரவந்தூ வழியாக வந்தோம். ஆளுக்கு எழுபத்தைந்து டொலர் குறைவு, நேரமும் முதலே தெரியும். ஸ்பீட் போட் பதினைந்து நிமிடமும் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், அது என் பிரச்சினை. நாங்கள் போனது மாசியில், கடல் அசையவில்லை. நமக்குத் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாசிக்குடாக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அதை நம்பி மாலைதீவுக்குப் போய்விடாதீர்கள். அதே காற்றுத்தான் அவர்களுக்கு மழையையும் அலையையும் கொண்டுபோகிறது. மான்டா என்ற திருக்கை மீனைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் அந்தக் காலத்தில் பா அட்டோலுக்குப் போவார்கள், ஹனிஃபாரு குடாவில் அவை கூட்டமாக வருமாம்.

மகள் காசு தராத ஆட்கள் மாஃபுஷி போன்ற ஊர்த் தீவு ஒன்றில் விடுதி எடுக்கலாம். மாலேயிலிருந்து ஸ்பீட் போட்டிலேயே போய்விடலாம், சிறிய விடுதிகளில் பசுமை வரியும் 6 டொலர்தான். தூரத்துத் தீவுதான் வேண்டும் என்றால், டிக்கட் போட முதல் ரிசோர்ட்டுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, எத்தனை மணிக்குள் மாலேயில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். எனக்கு அடுத்த நாளே பதில் வந்தது, ஆனால் நான் கேட்டது திரும்பி வரும் வழியைப் பற்றி.

ஊருக்கு வந்ததும் கடைக்குப் போனேன். இமூகா படிவம் இலவசம், பயணத்துக்கு 96 மணித்தியாலத்துக்குள் மாலைதீவுக் குடிவரவுத் தளத்தில் நாமே நிரப்பலாம் என்று காலிப் பொடியன் சொன்னதைச் சொன்னேன். தம்பி ஒன்றும் பேசாமல் லாச்சியைத் திறந்து மூவாயிரத்தை எண்ணித் தந்தான். கடைக்கு ஒரு புள்ளி போடத்தான் இருந்தேன், அதனால் இரண்டு.