மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் மவுஸ் சக்கரம் சரிசெய்த கடை

பள்ளிக்கூடத்துத் தமிழ் வினாத்தாள்களை நான்தான் தட்டச்சு செய்கிறேன். போன மாதம் மவுஸ் சக்கரம் படுத்திவிட்டது. கீழே உருட்டினால் பக்கம் நாலு வரி இறங்கும், வெடுக்கென்று இரண்டு வரி மேலே ஏறும். என் மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம். முதலில் போன கடையில், "லினக்ஸ்தான் கோளாறு, விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) 'இவ்டெஸ்ட்' (evtest) என்ற சோதனை நிரலை நிறுவி ஓட்டினேன். பட்டியலில் மவுஸின் எண்ணைக் கொடுத்துச் சக்கரத்தை மெதுவாகக் கீழே உருட்ட வேண்டும். கீழே என்றால் -1, மேலே என்றால் 1; ஆக ஒவ்வொரு 'டிக்'குக்கும் -1 வர வேண்டும். எனக்கு வந்தது -1, -1, 1, -1, 1. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு மவுஸிலிருந்து வந்து சேர்வதை அப்படியே காட்டும் நிரல் அது, நடுவில் ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்ற எந்தச் செயலியும் இல்லை. தங்கையின் மவுஸைச் செருகினேன், வரிசையாக -1 மட்டுமே. அப்போதே தெரிந்துவிட்டது, கோளாறு என் மவுஸுக்குள்தான்.

மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு, கியூர்பிப்பிலிருந்து மெட்ரோவில் ரோஸ் ஹில் போனேன். சந்தைக்குப் பின்னால் பெயர்ப்பலகை இல்லாத ஒற்றை அறைக் கடை. அங்கே இருந்த பெரியவர் திரையைப் பார்த்ததும் கிரியோலில் ஏதோ முனகி, மவுஸின் அடியில் ஒட்டியிருந்த வழுக்குப் பட்டைகளை உரித்தார். திருகாணிகள் அவற்றுக்கு அடியில் ஒளிந்திருந்தன!

சக்கரத்தின் அச்சு போய் நுழையும் பட்டாணி அளவுப் பெட்டியைக் காட்டினார். அதுதான் என்கோடர். உள்ளே இரண்டு தொடுமுனைகள். எது முந்தித் தொடுகிறது என்பதை வைத்தே மேலா கீழா என்று மவுஸ் கண்டுகொள்கிறது. அழுக்கு சேர்ந்தால் அந்த வரிசை குழம்பிவிடும். பெட்டியைப் பிரித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்தார். கருப்பாக வந்த பஞ்சை என்னிடமே நீட்டினார். பிறகு என் மடிக்கணினியிலேயே உருட்டிப் பார்க்கச் சொன்னார். நாற்பது முறை உருட்டினேன், ஒரு 1கூட வரவில்லை.

கூலி 150 மொரிஷியஸ் ரூபாய். ரசீது கிடையாது, ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. உரித்த பட்டை ஒன்று சரியாக ஒட்டாமல் ஓரம் தூக்குகிறது. மறுபடி குழம்பினால் என்கோடரையே மாற்ற வேண்டுமாம். அதையும் மறைக்காமல் சொல்லித்தான் காசு வாங்கினார். அந்த நேர்மைக்காகவே இன்னொரு தடவை போவேன்.

போகிறவர்கள் மடிக்கணினியையும் எடுத்துப் போங்கள். அவரிடம் லினக்ஸ் கணினி இல்லை.