பழைய வெள்ளியில் முத்திரை பார்க்க 10 மடங்கு லென்ஸ் போதும்

கொழும்பு செட்டியார் தெருவில் நகைவேலைச் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடையில் 3,500 ரூபாய்க்கு இந்த லென்ஸை வாங்கினேன். கல் வியாபாரிகள் சட்டைப்பையில் வைத்துத் திரிகிற அதே வகைதான்: மூன்று வில்லைகளை ஒட்டிச் செய்தது, 10 மடங்கு பெரிதாகக் காட்டும், உலோகக் கூட்டுக்குள் மடித்து வைக்கலாம். பழைய வெள்ளிச் சாமான்களில் தூய்மையையும் சோதித்த ஊரையும் ஆண்டையும் காட்ட அடித்திருக்கும் சின்ன முத்திரைகளை வாசிக்க இதைவிடப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

இணையத்தில் 30 மடங்கு, 40 மடங்கு என்று லைட்டும் பூட்டி இதன் கால்வாசி விலைக்கு விற்கிறார்களே, அதை வாங்கினால் என்ன என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வாங்காதீர்கள். உண்மையிலேயே 30 மடங்கு என்றால் பொருளுக்கும் வில்லைக்கும் இடையில் 8 மில்லிமீட்டர்தான் இருக்கும், அதற்குள் வெளிச்சம் எப்படி நுழையும்? அகலமான கண்ணாடியில் 30 என்று பொறித்திருந்தால் அந்த எண்ணை நம்பவே வேண்டாம். 10 மடங்குக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் தூரம் கிடைக்கிறது, இரண்டு மூன்று முத்திரைகள் ஒரே பார்வையில் அடங்குகின்றன, ஓரத்தில் நிறம் பிரிந்து வானவில் கட்டுவதும் இல்லை. லைட் பூட்டியதில் இன்னொரு தொல்லை: வெள்ளி பளபளப்பானது, நேரே அடிக்கிற வெளிச்சம் அப்படியே கண்ணுக்குத் திரும்பி வரும். யன்னலோரம் நின்று பக்கவாட்டு வெளிச்சத்தில் பொருளை மெல்லச் சரித்துப் பாருங்கள், தேய்ந்த முத்திரையும் எழுந்து நிற்கும்.

கொழும்பில் ஏலங்களிலும் பழஞ்சாமான் கடைகளிலும் கிடைப்பதில் நல்ல பங்கு இங்கிலாந்துச் சாமான், கரண்டியும் முள்ளும் தேநீர்ச் செட்டும். அவற்றில் முதலில் தேட வேண்டியது நடக்கிற சிங்கம். வெறுங்கண்ணுக்கு ஒரு நசுங்கல் போலத் தெரிவது லென்ஸில் தூக்கிய முன்காலோடு சிங்கமாகத் தெரிந்தால் அது 92.5 சதவீத வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன், பழைய சாமானில் கிரீடம் இருந்தால் ஷெஃபீல்ட். பிறகு ஆண்டெழுத்து, அதாவது ஆண்டைக் குறிக்கும் ஒற்றை ஆங்கில எழுத்து. இதில்தான் லென்ஸ் தன் விலையைத் திருப்பித் தருகிறது, ஏனென்றால் லண்டனில் அந்தக் காலத்தில் 20 எழுத்து முடிந்ததும் மறுபடி ‘ஏ’யில் தொடங்கினார்கள், எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள கேடயத்தையும் வைத்துத்தான் ஆண்டைப் பிரிக்க வேண்டும். 1836இன் ‘ஏ’ வளைந்து நெளிந்த கோதிக் எழுத்து, 1876இன் ‘ஏ’ நேரான ரோமன் எழுத்து. நாற்பது வருட வித்தியாசம் அந்தச் சின்னக் கோடுகளில் இருக்கிறது! அரசரின் அல்லது அரசியின் தலையும் சேர்ந்திருந்தால், அது பெரும்பாலும் 1784க்கும் 1890க்கும் இடையில் வரி கட்டியதற்கான அடையாளம், தேடல் இன்னும் சுருங்கிவிடும்.

தேநீர்க் கூஜா என்றால் மூடியையும் கழற்றிப் பாருங்கள். மூடியிலும் சில முத்திரைகள் இருக்க வேண்டும், அடியில் இருப்பதோடு அவை பொருந்தவும் வேண்டும். பொருந்தாவிட்டால் வேறெங்கோ இருந்து வந்த மூடியாக இருக்கலாம், விலை பேசும்போது அதைச் சொல்லுங்கள்.

முலாம் பூசிய சாமானைப் பிரித்தறியவும் இதுவே போதும். ஈ.பி.என்.எஸ். என்ற நான்கு எழுத்துகளையும் தனித்தனிக் கட்டங்களுக்குள் அடித்திருப்பார்கள், தூரத்தில் பார்த்தால் அசல் முத்திரை வரிசை மாதிரியே இருக்கும். உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம், வெள்ளி மேல் தோல் மட்டும். கரண்டியின் அடிப்பக்கம் மேசையில் உரசித் தேய்கிற இடத்தில் லென்ஸை வையுங்கள், அடி உலோகம் மஞ்சளாக எட்டிப் பார்க்கும். இதைத் தெரிந்துகொண்டே வெள்ளி விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள், அது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். வாங்குகிறவர்களில் பலர் சீதனத்துக்கோ பூசையறைக்கோ காசு சேர்த்து வாங்குகிறவர்கள்.

லென்ஸால் முடியாததும் உண்டு. நம் வீட்டுப் பன்னீர்ச் செம்பும் வெற்றிலைத் தட்டமும் குங்குமச் சிமிழும் ஊர்ப் பத்தர்கள் செய்தவை, பெரும்பாலும் முத்திரையே இருக்காது. அவற்றுக்கு உரைகல்லும் திராவகமும்தான் வழி, அல்லது தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையில் தூய்மையைச் சோதித்துக்கொள்ளலாம். முத்திரை இல்லை என்பதற்காக அவற்றை மட்டமாக நினைத்து உருக்கக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

குறை என்றால் மடிக்கிற இடத்துத் திருகாணி சீக்கிரமே தளர்ந்துவிட்டது, சின்னத் திருப்புளியால் இறுக்க வேண்டியிருந்தது. குளிரூட்டிய கடையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடியில் ஆவி படியும், மென்துணியால் துடைத்தால் சரி. வெள்ளியை மினுக்கிவிட்டு முத்திரை தேடாதீர்கள், பள்ளத்தில் தங்கிய கறுப்புதான் கோடுகளைக் காட்டும். வாங்கும்போது ஒரு சதுரக்கோட்டுத் தாளைக் கொண்டுபோய் கடையிலேயே லென்ஸை அதன்மேல் பிடித்துப் பாருங்கள், ஓரத்தில் கோடு வளைந்தால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.