பெடலில் 'டக்' சத்தமா? செயினை மாற்றச் சொல்வதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

அப்பா வைத்திருந்த பழைய ஹெர்குலிஸ் சைக்கிளை இப்போது நான் ஓட்டுகிறேன். போன மாதம் மிதிக்கும்போது இடது காலுக்கடியில் 'டக்' என்று ஒரு இடி. சமதரையில் லேசாக, பாலம் ஏறினால் பலமாக. பெரிய கடையாகப் பார்த்து வண்டியை விட்டேன். அங்கே ஒருத்தரும் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "செயின், ஃப்ரீவீல், பி.பி. அச்சு எல்லாம் போச்சு சார், மொத்தமா மாத்திடலாம்" என்றார்கள். ஃப்ரீவீல் என்றால் பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்; பி.பி. அச்சு என்பது இரண்டு பெடல் கைகளும் மாட்டியிருக்கும் நடு அச்சு. செயின் போட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது என்று சொன்னேன், காதில் வாங்கவில்லை. 1,750 ரூபாய். பழைய சாமான்களைக் கேட்டதற்கு, காயலான் கடைக்குப் போட்டாச்சாம்.

வீடு வந்து சேர்வதற்குள் அதே 'டக்'.

அப்புறம்தான் பொறுமையாக யோசித்தேன். சத்தம் எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை வருகிறது என்று எண்ணினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். என் வண்டியில் முன்னால் 48 பல், பின்னால் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் இரண்டரைச் சுற்றுக்கு மேல் போகும். ஃப்ரீவீலில் ஒரு பல் கெட்டிருந்தால் சத்தம் அந்தக் கணக்கில் வரும். செயினில் ஒரு கண்ணி இறுகியிருந்தால், பெடல் இரண்டு சுற்றுக்கு மேல் போனால்தான் அந்தக் கண்ணி திரும்ப வரும். எனக்கோ சுற்றுக்கு ஒன்று, அதுவும் இடது கால் இறங்கும் அதே இடத்தில். அப்படியானால் இடது கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) அல்லது அந்தப் பெடல், இல்லையென்றால் அச்சு.

கிராங்க் இரண்டையும் தரைக்கு இணையாக நிறுத்தி, இரண்டு பெடலையும் கையால் ஒரே நேரத்தில் அழுத்தினேன். அரைச் சுற்று திருப்பி மறுபடி அழுத்தினேன். இடது கிராங்க் மட்டும் 'டக்' என்று ஒரு விரல் அளவு இறங்கியது. கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு மாதிரியான காட்டர் பின் லூஸ்!

தெருமுனை பஞ்சர் கடை அண்ணன் பின்னைத் தட்டி எடுத்துக் கையில் கொடுத்தார். சாய்வாக, வழவழவென்று இருக்க வேண்டிய பக்கத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு. "புது அச்சு போட்டுட்டு, தேஞ்ச பின்னையே திரும்ப அடிச்சிருக்காங்க தம்பி" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. காட்டர் பின்னைக் கழற்றாமல் கிராங்க் வராது, கிராங்க் வராமல் அச்சை மாற்ற முடியாது. அப்படியென்றால் அந்தப் பின்னை அவர்கள் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்!

அண்ணன் புதுப் பின்னை அரத்தால் ராவி, போட்டுப் பார்த்து, திரும்ப ராவினார். கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்த பிறகுதான் சுத்தியலை எடுத்தார். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி அச்சு சுழலும் பால்ரஸில் (குண்டு பேரிங்) போய் விழும். நட்டைத் திருகியே பின்னை உள்ளே இழுக்கப் பார்த்தால் மரை போய்விடும். புதுப் பின், கூலி எல்லாம் சேர்த்து 80 ரூபாய்.

கடையில் போய்க் கேட்டேன், பணம் திரும்பத் தர முடியாது என்றுவிட்டார்கள். உங்கள் வண்டியை விடும்போது, பழைய சாமான் எனக்கு வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். என் புது அச்சில், லூஸான காட்டர் பின் ஆடி ஆடி, அது உட்காரும் பள்ளத்தின் ஓரம் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த நட்டில் ஸ்பேனர் வைத்துப் பார்க்கிறேன். இதுவரை பிடித்து நிற்கிறது.