நான்கு வயது மூத்த வீடு: தியோங் பாருவா, ஃபேரர் பார்க்கா, புது பிடிஓவா?

கல்யாணமாகி எட்டு ஆண்டு சிங்கப்பூரின் ஈசூனில் மாமியார் வீட்டில் இருந்தோம். 2024இல் பத்து மாதம் தேடி, கடைசியில் ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய ஒரு நாலறை மறுவிற்பனை வீட்டை வாங்கினோம். அதே குழப்பத்தில் இருக்கும் இரண்டு தோழிகள் கேட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். நான் யார் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபேரர் பார்க் பக்கம்தான்.

எங்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கார் வாங்கப் போவதில்லை, அதனால் சந்தை, ரயில், கோயில், மகளின் பள்ளி எல்லாம் காலால் போகிற தூரத்தில் இருக்க வேண்டும். வெள்ளைச் சுவரும் சாம்பல் தரையுமாக எங்கும் ஒரே மாதிரி இல்லாமல், வீட்டுக்கென்று ஒரு முகம் இருக்க வேண்டும். முடிந்தால், தோ பாயோவில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு 4 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் 20,000 வெள்ளி மானியமும் உண்டு.

கடைவீடுகளைப் பற்றி ஒரு வரி. லிட்டில் இந்தியாவும் சைனாடவுனும் கம்போங் கிளாமும் 1989இல் மரபுப் பகுதிகளாக அரசிதழில் வந்தபின், அங்குள்ள கடைவீடுகள் மில்லியன் கணக்கில் போகின்றன. சம்பளக்காரர்களுக்கு அது பார்த்து ரசிக்க மட்டும்தான்.

தியோங் பாரு என் கணவரின் ஆசை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அழகில் அதற்கு ஈடு இந்த ஊரில் இல்லை. 1936இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை அங்கே முதல் புளோக்கைக் கட்டி முடித்தது. வளைந்த முகப்பும் பின்பக்கச் சுழல்படிகளும் கொண்ட போருக்கு முந்தைய 20 புளோக்குகளை 2003இல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவித்தார்கள். நாங்கள் பார்த்தது போருக்குப் பிந்தைய வரிசையில், மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி வீடு. மாலை ஐந்தரைக்குப் போனோம். சமையலறைச் சன்னல் வழியாக வெயில் சாய்ந்து சிவப்புச் சிமென்ட் தரையில் விழுந்திருந்தது. கீழே சந்தைக்குப் போய்வர ஐந்து நிமிடம். கணவர் அங்கேயே நின்றுவிட்டார். எனக்கும் மனம் போனது உண்மை. மூன்று முறை போய்ப் பார்த்ததுதான், வாழ்ந்து பார்த்ததில்லை. ஆகவே படி ஏறுவது, மழைக்கால ஈரம் பற்றியெல்லாம் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

புது வீட்டைப் பற்றியும் அவ்வளவுதான். தம்பி பொங்கோலில் பிடிஓவில், அதாவது முன்பதிவு செய்தபின் வீவக கட்டித் தரும் புது வீட்டில், இருக்கிறான். வீடு நன்றாக இருக்கிறது, முழு 99 ஆண்டுக் குத்தகை, கூரை போட்ட நடைபாதை உண்டு. ஆனால் அங்கே கடைத்தொகுதிக்கு நடக்கலாம், ஊருக்குள் நடக்க முடியாது. நகர நடுவிலேயே புது வீடு வேண்டுமென்றால் இப்போது தனி விதிகள். 2021 நவம்பரில் ரோச்சோரில், பழைய சுங்கை ரோடு சந்தை இருந்த பக்கமாக விற்பனைக்கு வந்த ரிவர் பீக்ஸ்தான் அந்த வகையில் முதல். அதில் 10 ஆண்டு குடியிருந்தாக வேண்டும், விற்கும்போது விலையில் 6 விழுக்காட்டை வீவக திரும்ப எடுத்துக்கொள்ளும், முழு வீட்டை ஒருபோதும் வாடகைக்கு விட முடியாது. குடியிருக்கத்தான் வாங்குகிறோம் என்பவர்களுக்கு இதில் குறையொன்றும் இல்லை. எங்களால் இன்னும் நான்கைந்து ஆண்டு காத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆக, போட்டி தியோங் பாருவுக்கும் ஃபேரர் பார்க்குக்கும். அதைத் தீர்த்து வைத்தது அழகும் இல்லை, விலையும் இல்லை. குத்தகை மிச்சம், அதாவது வீட்டின் 99 ஆண்டுக் குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்பது.

2019 மே மாதம் முதல் உள்ள விதி இது: வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை வீட்டின் குத்தகை தாங்கினால்தான் மத்திய சேம நிதியை (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு) முழு அளவில் எடுக்கலாம். தாங்காவிட்டால் விகிதப்படி வெட்டுவார்கள். வீவக கடனும் அப்படியே குறையும். தியோங் பாருவில் நாங்கள் பார்த்த வீட்டின் குத்தகை 1973இல் தொடங்கியது. 48 ஆண்டு மிச்சம். எனக்கு அப்போது 36. இரண்டையும் கூட்டினால் 84தான் வருகிறது. சேம நிதி வெட்டுப்படும், கடன் வெட்டுப்படும், பள்ளத்தை ரொக்கமாக நிரப்ப வேண்டும். ரொக்கம் எங்களிடம் இல்லை.

இந்தக் கணக்கை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கோப்பிக்கடை ரசீதின் பின்பக்கம் போட்டபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அடுத்த ஆண்டு வாங்கினாலும் குத்தகையில் ஒன்று குறையும், வயதில் ஒன்று கூடும். கூட்டுத்தொகை மாறவே மாறாது. எனவே மிச்சக் குத்தகையைப் பார்க்கத் தேவையே இல்லை. இளையவர் பிறந்த ஆண்டிலிருந்து நான்கைக் கழியுங்கள். வீட்டின் குத்தகை அந்த ஆண்டிலோ அதற்குப் பிறகோ தொடங்கியிருக்க வேண்டும். அதாவது வீடு நம்மைவிட அதிகம் போனால் நான்கு வயதுதான் மூத்ததாக இருக்கலாம். நான் பிறந்தது 1988. கணவர் மூத்தவர், அவர் வயது கணக்கில் வராது. அன்றிலிருந்து 1984க்கு முந்தைய வீடு எதையும் நான் போய்ப் பார்க்கவில்லை. தேடலில் பாதி அலைச்சல் குறைந்தது அதனால்தான்.

இப்போது இருக்கும் வீட்டின் குத்தகை 1984இல் தொடங்கியது. விளிம்பில் நிற்கிறது.

வாங்குவதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நாளை நான் விற்கும்போது அடுத்து வாங்குபவருக்கும் இதே விதிதான். 2044இல் விற்றால் 39 ஆண்டு மிச்சம் இருக்கும். அப்போது 56 வயதைத் தொட்டவர்தான் சேம நிதியை முழுமையாக எடுக்க முடியும். குழந்தையோடு வீடு தேடும் இளம் தம்பதி அந்தப் பட்டியலிலேயே இல்லை. தியோங் பாரு வீடு என்றால் அதே 2044இல் 28 ஆண்டுதான் மிச்சம்; 67 வயதுக்காரர் வந்து மூன்று மாடி ஏற வேண்டும். அரசு நில மதிப்பீட்டில் பாலா அட்டவணை என்று ஒன்று பயன்படுத்துகிறார்கள். முழு உரிமை நிலத்தை 100 என்று வைத்தால் 99 ஆண்டுக் குத்தகை 96, 60 ஆண்டு 80, 30 ஆண்டு 60. முதல் 39 ஆண்டில் 16 புள்ளி போகிறது, கடைசி 30 ஆண்டில் 60 புள்ளி போகிறது. அது நிலத்துக்கான அட்டவணை, வீவக விலையை அப்படியே சொல்லாது. ஆனாலும் சரிவு எந்தப் பக்கம் செங்குத்தாகிறது என்பது அதில் தெரிகிறது.

"கவலப்படாதீங்கக்கா, பழைய வீடுன்னா என்பிளாக் வரும், புது வீடே கொடுத்துருவாங்க" என்றார் எங்களுக்கு வீடு காட்டிய ஒரு முகவர். இதை நம்பி யாரும் பணம் போட வேண்டாம். முழு புளோக்கையும் அரசு எடுத்துக்கொண்டு வேறு வீடு தரும் அந்தத் திட்டம் 1995 முதல் இருக்கிறது, ஆனால் அதற்குத் தகுதி பெறும் வீடுகள் 5 விழுக்காடு அளவுதான் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த கேலாங் லோரோங் 3இன் 191 தனியார் வீடுகள் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு இழப்பீடு இல்லாமல் அரசிடம் திரும்பின. குத்தகை என்றால் குத்தகைதான்.

நம்மவர்களுக்கு இன்னொரு சல்லடையும் உண்டு. 1989இலிருந்து வரும் இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, இந்தியர் மற்றும் இதர இனத்தவருக்கு வட்டாரத்தில் 12, புளோக்கில் 15 விழுக்காடு உச்சவரம்பு. நாங்கள் தேடிய மாதம், இப்போது இருக்கும் புளோக்கில் வரம்பு நிறைந்துவிட்டது. நிறைந்தால் இந்தியர் அல்லது இதர இனத்து விற்பனையாளரிடமிருந்து மட்டுமே நாம் வாங்க முடியும். பிடித்த இரண்டு வீடுகள் அப்படிக் கைநழுவின. விற்கும்போது இதன் மறுபக்கம்: சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் நாம் சீனருக்கு விற்க முடியாது, வாங்குவோர் கூட்டம் சுருங்கிவிடும். வீவக இணையப் பக்கத்தில் மாதாமாதம் முதல் தேதி இதைப் புதுப்பிக்கிறார்கள். வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கடைசியில் எங்களுக்கு விற்றது ஒரு தமிழ்ப் பெரியவர். மனைவி போனபின் மகன் வீட்டுக்குப் போகிறார். சாவி வாங்கிய அன்று கூடத்து உத்தரத்தில் இருந்த இரும்புக் கொக்கியைக் காட்டி, "தொட்டில் கட்டுனது அதுலதாம்மா, மூணு பிள்ளைங்க. வேணாம்னா எடுத்துரு" என்றார். எடுக்கவில்லை. அதில் இப்போது மகள் ஒரு மூங்கில் மணியைத் தொங்கவிட்டிருக்கிறாள்.

பராமரிப்பைச் சொல்லாமல் விட்டால் நான் ஏமாற்றுகிறவள் ஆவேன். சமையலறைக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. கழிவறையில் மேல்வீட்டுக் கசிவு. கசிவுக்கு மேல்வீடு, கீழ்வீடு இருவரும் பொறுப்பு. வீவக உதவித் திட்டத்தில் பாதிச் செலவை அவர்கள் ஏற்க, மீதியை நாங்களும் மேல்வீட்டு மாமியும் ஆளுக்குக் கால் பங்காகப் போட்டோம். மின்கம்பி, குழாய் முழுவதையும் மாற்றினோம். 620,000 வெள்ளி விலைக்கு மேல் இதற்கெல்லாம் 40,000க்குப் பக்கம் ஆனது. முதல்முறை வாங்கும் குடும்பத்துக்கான 80,000 வெள்ளி மானியம் கிடைத்திராவிட்டால் மூச்சு முட்டியிருக்கும்.

நடையைப் பற்றிச் சொல்கிறேன், நான் வாங்கியதே அதற்காகத்தான். காலை ஆறரைக்குத் தேக்கா ஈரச்சந்தை. ராஃபிள்ஸ் 1822இல் போட்ட நகரத் திட்டத்திலிருந்து வந்த ஐந்தடி நடைபாதைகள் வீட்டிலிருந்து தேக்கா வரை தொட்டுத் தொட்டு வருகின்றன. சாலைகளைக் கடக்கும் இடங்களைத் தவிர குடையைத் திறக்காமலே மழையில் வந்திருக்கிறேன். அரிசி மூட்டையும் பெட்டிகளும் அடைத்துக் கிடக்கும் இடங்களில் சாலையில் இறங்கித்தான் போக வேண்டும், தள்ளுவண்டிக் குழந்தையோடு அது சிரமம். பீட்டி ரோட்டில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம், சிராங்கூன் ரோட்டில் சீனிவாசப் பெருமாள் கோயில், இரண்டும் பத்து நிமிடத்துக்குள். தைப்பூசக் காவடிகள் அந்தக் கோயிலிலிருந்துதான் புறப்படுகின்றன. அன்று சாலை மூடல், தூக்கம் கிடையாது, நாங்கள் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறோம். ஞாயிறு மாலைக் கூட்டத்தைச் சொல்லி என்னைத் தடுத்தவர்கள் உண்டு. வாரமெல்லாம் இந்த ஊரைக் கட்டும் வெளிநாட்டுத் தொழிலாளத் தம்பிகள் ஒருநாள் வந்து நிற்கும் இடம் இது. அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருநாளும் சங்கடம் வந்ததில்லை.

ஒரு குறையை ஒத்துக்கொள்ள வேண்டும். முதுமையில் மிச்சக் குத்தகையை வீவகவிடமே விற்றுப் பணமாக்கும் திட்டம் எங்களுக்கு உதவாது. எனக்கு 65 ஆகும்போது குத்தகை 30 ஆண்டுதான் இருக்கும். அந்த வயதில் குறைந்தது 30 ஆண்டை நமக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும், விற்பதற்கு 20 ஆண்டு தனியாக வேண்டும். ஆகவே இந்த வீட்டை ஓய்வுக்கால முதலீடாக நாங்கள் எண்ணவில்லை. சேமிப்பைத் தனியாகப் போடுகிறோம்.

உங்கள் வீட்டில் இளையவரே 1977இலோ அதற்கு முன்போ பிறந்தவர், முழங்கால் நன்றாக இருக்கிறது என்றால், தியோங் பாருவில் 1973 குத்தகை வீடுகள் உங்களுக்குத் திறந்தே இருக்கின்றன. மாலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். மூன்று மாடியை இரண்டு முறை, கையில் சந்தைப் பையோடு, ஏறிப் பாருங்கள்.