இரவு ஷிப்டைத் தாங்குமா? மூன்று நேரப் பெட்டிகள், ஒரு மதிப்பீடு

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஷிப்டு என்றால் காலை 6 முதல் 2, 2 முதல் 10, இரவு 10 முதல் மறுநாள் காலை 6. கிருஷ்ணகிரி மண்டபங்களிலும் மாலை வரவேற்புக்கு வாங்கிய சாவி, மறுநாள் முகூர்த்தம் முடிந்துதான் திரும்பி வரும். இங்கே ஓர் இணையதளத்தில் "எத்தனை மணி முதல், எத்தனை மணி வரை" என்று கேட்கும் பெட்டிக்கு நள்ளிரவைத் தாண்டத் தெரிய வேண்டும். அதை வைத்தே, இணையப் பக்கம் எழுதுபவர்களுக்காக, நேரம் கேட்கும் மூன்று வழிகளை எடை போட்டிருக்கிறோம்.

முதலாவது, பிரவுசரிலேயே இருக்கும் டைம் பெட்டி. "முதல்" ஒன்று, "வரை" ஒன்று என இரண்டு வைத்தால் போதும். தனியாக எதையும் இறக்க வேண்டாம். போனில் அவரவருக்குப் பழகிய கடிகாரமே திறக்கும். திரையில் இரவு 10 எப்படித் தெரிந்தாலும் ஸ்கிரிப்டுக்கு வருவது எப்போதும் 22:00தான். ஸ்டெப் மதிப்பு (நேரம் எத்தனை இடைவெளியில் நகர வேண்டும் என்பது) விநாடிக் கணக்கு: அரை மணிக்கு 1800. பலர் 30 என்று போட்டுவிட்டு, பெட்டி ஏன் விநாடி கேட்கிறது என்று குழம்புகிறார்கள். சில போன்களில் 1800 கொடுத்தாலும் எல்லா நிமிடமும் வரிசையாகத் தெரியும்; தவறு என்பது சப்மிட் செய்யும்போதுதான் தெரியவரும்.

பெரிய பள்ளம், பெட்டியின் மதிப்பை ஜாவாஸ்கிரிப்டின் டேட் வடிவில் தரும் வேல்யூஆஸ்டேட். அது நேரத்தை யூடிசியாக, அதாவது உலகப் பொது நேரமாக, எடுத்துக்கொள்ளும். அதிலிருந்து கெட்ஹவர்ஸ், கெட்மினிட்ஸ் என்று மணியையும் நிமிடத்தையும் கேட்டால் நம் ஊரில் ஐந்தரை மணி கூடிவிடும். இரவு 22:00 விடியற்காலை 3:30 ஆகிவிடும். டேட் பக்கமே போக வேண்டாம். மதிப்பை முக்காற்புள்ளியில் பிரித்து, மணியை 60ஆல் பெருக்கி நிமிடத்தைக் கூட்டுங்கள். 22:00 என்றால் 1320, 06:00 என்றால் 360. முடிவு தொடக்கத்தைவிடச் சிறியதா, ஒரு நாளின் 1440 நிமிடத்தை அதோடு சேருங்கள்: 360 இப்போது 1800 ஆகும்; 1800 கழித்தல் 1320, 480 நிமிடம், எட்டு மணி நேரம். கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் இதே கணக்கு, தவறி மாற்றிப் போட்டவரையும் உள்ளே விட்டுவிடும். மதியம் 2 முதல் மாலை 6 என்று நினைத்து 18:00 முதல் 14:00 என்று போட்டால் 20 மணி நேரம் என்று ஏற்றுக்கொள்ளும். அதனால் உச்ச வரம்பு ஒன்று வையுங்கள். பெட்டிக்குக் கீழேயே "மொத்தம் 8 மணி நேரம், மறுநாள் காலை 6 வரை" என்று உடனே காட்டுங்கள். அந்த ஒரு வரி பல தவறுகளைப் பிடித்துவிடும். பெட்டியில் நம் சொந்தப் பிழைச் செய்தியை வைக்கும் செட்கஸ்டம்வேலிடிட்டி பயன்படுத்தினால், சரியானதும் வெற்றுச் சரத்தைக் கொடுத்து அழிக்க மறக்காதீர்கள். மறந்தால் ஃபார்ம் நகரவே நகராது.

இரண்டாவது, ஃபிளாட்பிக்கர் என்ற தனியாக இறக்கிச் சேர்க்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல். எனேபிள்டைம் (நேரம் காட்டு), நோகேலண்டர் (நாட்காட்டி வேண்டாம்) இரண்டையும் ட்ரூ என்று வைத்தால் கம்ப்யூட்டரில் எல்லா பிரவுசரிலும் ஒரே முகம், பார்க்கவும் அழகு. ரேஞ்ச் என்ற மோட் இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள், அது தேதிகளுக்கானது. நேரத்துக்கு இரண்டு தனிப் பெட்டிகள்தான். முதல் பெட்டியின் மதிப்பு மாறும்போது (ஆன்சேஞ்ச்) இரண்டாவதன் மிகக் குறைந்த நேரத்தை (மின்டைம்) அதற்கேற்ப ஏற்றும் வழியைப் பலர் பின்பற்றுகிறார்கள். பகல் வேலைக்குச் சரி. இரவு ஷிப்டுக்கு 22:00 தேர்ந்ததுமே காலை 06:00 அடைபட்டுவிடும். போனில் இது தானாகவே பிரவுசர் பெட்டிக்கு இடம் விட்டுவிடுவதால் நிமிட இடைவெளியைச் சொல்லும் மினிட்இன்க்ரிமென்ட்டும் அங்கே செல்லாது. இன்புட்டிலேயே ஸ்டெப் எழுதுங்கள், அல்லது இந்த இடம் விடுதலை நிறுத்தும் டிஸேபிள்மொபைலை ட்ரூ ஆக்குங்கள்.

மூன்றாவது, நோயூஐஸ்லைடர் என்ற, பிடியை இழுத்து மதிப்பைத் தேர்வு செய்யும் பட்டை. இரண்டு பிடிகள், அவற்றின் குறைந்த இடைவெளி (மார்ஜின்) 60 நிமிடம், அதிக இடைவெளி (லிமிட்) 720 நிமிடம் என்றால் ஒரு மணிக்குக் குறையவோ பன்னிரண்டு மணியைத் தாண்டவோ முடியாது. பட்டையின் எல்லையை 2160 நிமிடம் (36 மணி நேரம்) வரை நீட்டினால் நள்ளிரவும் பிரச்சினையில்லை. ஆனால் அரை மணிக்கு ஒன்றாக 72 படிகள், போனில் 320 பிக்சல் அகலம்: ஒரு படிக்கு நாலரை பிக்சல்கூட இல்லை. விரலால் சரியாக நிறுத்த முடியாது. பஸ் நேரம் வடிகட்ட நல்லது, வாடகை கணக்கிட வேண்டாம்.

ஷிப்டுக்கும் டர்ஃப் (வாடகை விளையாட்டுத் திடல்) புக்கிங்குக்கும் எங்கள் தேர்வு முதலாவதுதான். மண்டபம் 24 மணியைத் தாண்டும் என்றால் தேதியும் சேர்ந்த டேட்டைம்லோக்கல் பெட்டி வேண்டும். ஒப்படைக்கும் முன் நான்கு ஜோடிகளைப் போட்டுப் பாருங்கள்: 06:00–14:00, 22:00–06:00 இரண்டும் 480 தர வேண்டும், 10:00–10:00 (0 நிமிடம்), 18:00–14:00 (20 மணி நேரம்) இரண்டும் தடுக்கப்பட வேண்டும். சர்வரிலும் இதே சோதனை, ஏனென்றால் பிரவுசரின் தடுப்பை யாரும் எளிதில் தாண்டிவிடலாம்.